அரக்குப் பூச்சுக்குப் பிளாஸ்டிக் ஆகாது

விருத்தாசலம் பாலக்கரைப் பக்கம் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் சுமதி, திரைக்குக் கண்ணாடி ஒட்டுவதில் கெட்டிக்காரி. அவள் ஒட்டினால் ஒரு குமிழி நிற்காது. போன மாதம் சார்ஜர் வாங்கப் போனபோது அவள் மேசைமேல் ஒரு கிட்டார் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் தாள். அவள் கையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு.

“அந்தப் பஞ்ச கீழ வைம்மா” என்றேன்.

“ஏன் ஐயா? போனுக்குத் தொடைக்கிறதுதான். அழுக்கு போவலன்னா ஒட்டாதுல்ல?”

“போன் கண்ணாடி. இது மேல என்னா பூச்சு பூசியிருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?”

“பளபளன்னு இருக்குது. வேற என்னா தெரியணும்?” என்று சிரித்தாள். பிறகு, “தெரிஞ்சவங்க வூட்டுல குந்திக்கினு இருந்தா நாங்க இப்பிடித்தான் தொடைப்போம். மாசத்துல நாலு கிட்டாரு வருது. எழுதிக் குடுங்க, செவுத்துல ஒட்டி வச்சிக்கறேன்” என்றாள்.

அந்தக் கிட்டாருக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. பி.யூ. என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் பூச்சு அடித்த புதுச் சரக்கு. ஸ்பிரிட் ஊற்றிக் குளிப்பாட்டினாலும் தாங்கும். ஆனால் எல்லாக் கிட்டாரும் தாங்காது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சுவரில் ஒட்டும் அளவை எப்போதோ தாண்டிவிட்டது. சுமதி மன்னிக்க வேண்டும்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் கோப்பைகளுக்குப் பூப்படம் ஒட்டும் வேலைக்குப் போனேன். படத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, கோப்பைமேல் வழுக்கிவிட்டு, ரப்பர் துண்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். உள்ளே காற்று நின்றால் சூளையில் அது வெடித்து, ரோஜாப்பூவில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த கோப்பைகளில்தான் எங்கள் வீட்டில் டீ குடித்தோம். ஒரு வேலையில் நெடுநாள் நிற்க எனக்கு வராது. வேப்பூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பெயின்ட் அடித்தேன். பெங்களூரில் மேசை நாற்காலிக்கு ஸ்பிரிட் பாலிஷ் போட்டேன். சில ஊர்களில் வேலையும் இல்லை, சாப்பாடும் இல்லை. ரயில் நிலையத்தில் படுத்தேன். அங்கிருந்து புதுச்சேரி போனேன்.

புதுச்சேரியில் ரோசம்மா என்பவர் ஒரு கிட்டார் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் வேலை கேட்டபோது என்னென்ன தெரியும் என்று கேட்கவில்லை. ஒரு பலகையைக் கொடுத்துப் பாலிஷ் போடச் சொன்னார். போட்டு முடித்ததும் பலகையை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்து, கண்ணைப் பலகையின் மட்டத்துக்கு இறக்கி, வெளிச்சம் அதன்மேல் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். “அவசரக்காரன்” என்றார். “நாளைக்கு வா.”

அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வேலை சரியில்லை என்றால் திட்டமாட்டார். சாமானை உங்கள் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். எது சரியில்லை என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும்வரை அடுத்த வேலை வராது. ஒரு தடவை நாள் பூராவும் ஒரு கிட்டாரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பார்த்தால் என் பெல்ட் கொக்கி அதன் முதுகில் முடியளவு கோடு போட்டிருந்தது. அன்றிலிருந்து பட்டறையில் பெல்ட் கட்டுவதை விட்டேன்.

அவரிடமிருந்து மூன்று முறை ஓடினேன். கோவாவுக்கு ஒரு முறை, கோயம்புத்தூருக்கு ஒரு முறை, எங்கென்று எனக்கே தெரியாமல் ஒரு முறை. திரும்பி வரும்போதெல்லாம் ஏன் போனாய் என்று கேட்கமாட்டார். “மேசைய தொடை” என்பார். அவ்வளவுதான்.

பிக்கார்டு என்பது கிட்டார் முகப்பலகையில், நடு ஓட்டைக்குக் கீழே, வாசிக்கிற கை வந்து விழுகிற இடத்தில் வைக்கும் ஒரு காப்பு. பிக் என்கிற அந்தச் சின்னத் தகடு கம்பியைத் தட்டிவிட்டு மரத்தையும் உரசும். நாளாக ஆகப் பூச்சு போய், மரம் தெரிந்து, பிறகு மரமே பள்ளமாகும். கம்பெனியில் ஒட்டி அனுப்பும் காப்புகள் உண்டு. அவை ஆண்டுகள் போகச் சுருங்கும், சுருங்கும்போது அடியிலுள்ள மரத்தையும் இழுத்து விரிசல் விடச் செய்யும். ஆகையால் கழற்றும் காப்பைத்தான் ரோசம்மா விரும்பினார். பழகும்போது போட்டுக்கொள்ளலாம், மேடையேறும்போது எடுத்துவிடலாம், கிட்டாரின் முகம் முகமாகவே இருக்கும் என்பது அவர் எண்ணம்.

அவர் பட்டறையில் காப்பு கேட்டு வருகிறவரை முதலில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வோம். முகப்பலகையின்மேல் பட்டர் பேப்பரை விரித்து ஓரங்களில் லேசாக ஒட்டியிருப்போம். ஆள் தெரிந்த பாட்டுகளை வாசித்து முடித்ததும் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் கீறல்கள் தெரியும். ஒருவருக்கு ஓட்டையின் ஓரத்தில், ஒருவருக்கு ரொம்பக் கீழே. சுண்டு விரலை ஊன்றி வாசிப்பவர்களுக்கு யாரும் நினைக்காத இடத்தில் ஒரு தேய்மானம். அந்தக் கீறல்களைச் சுற்றிக் கோடு போட்டால் அதுதான் அந்த ஆளுக்கான காப்பின் வடிவம். கடையில் விற்கும் வடிவம் எல்லாருக்கும் பொதுவானது. எல்லாருக்கும் ஒரே அளவுச் செருப்பு கொடுப்பது போன்றது.

அடுத்தது பூச்சு. பி.யூ. என்றால் பசையில்லாமல் தன் வழவழப்பிலேயே பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள் போதும். சோப்புத் தண்ணீர் ஒரு துளி தெளித்து, தாளை மிதக்கவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். கோப்பைக்கு ரோஜாப்பூ ஒட்டிய கைக்கு இது புதிதில்லை. பழைய கிட்டார்களில் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் போட்ட பூச்சு இருக்கும். பெங்களூரில் நான் நாற்காலிக்குப் போட்டேனே, அதே ஸ்பிரிட் பாலிஷ்தான். எதுவென்று சந்தேகம் வந்தால், வெளியில் தெரியாத ஓரத்தில் குச்சி நுனிப் பஞ்சால் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பார்க்கலாம். பிசுபிசுத்தால் அரக்கு. அதன்மேல் பிளாஸ்டிக் தாள் நாள்பட இருந்தால், தாளை வளையவைக்கும் எண்ணெய்ச்சத்து இறங்கிப் பூச்சை இளக்கிவிடும். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஊறிப்போகும். “அரக்குக்குப் பிளாஸ்டிக் ஆகாது” என்று ரோசம்மா சொல்வார். அவர் நீளமாகப் பேசிக் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான் என்று நினைக்கிறேன்.

அவர் காலமான பிறகு விருத்தாசலத்துக்கே திரும்பி வந்து, வீட்டு முன்னறையில் பட்டறை போட்டேன். சேத்தியாத்தோப்பு, திட்டக்குடிப் பக்கமிருந்து சர்ச் பாடகர் குழுக்காரர்கள் வருவார்கள். அப்படி வந்தவர்கள்தான் அமலும் மணியும். அமல் கிட்டார், மணி டோலக். ஒரே தெரு, ஒரே வகுப்பு. மணி குயவர் வீட்டுப் பிள்ளை, பீங்கான் சூளையில் வேலை. சாமி கும்பிடுவது மாரியம்மனை, ஞாயிற்றுக்கிழமை டோலக் அடிப்பது சர்ச்சில். “அங்க பாட்டு, இங்க கூழு. எனக்கு ரெண்டும் வேணும்ண்ணே” என்பான்.

அமலுக்கு ஒரு பழைய கிட்டாரை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ரோசம்மா தன் கையால் அரக்குப் பாலிஷ் போட்டது. தேன் நிறம். அதைக் கொடுக்கும்போதே தாள் எதுவும் ஒட்டாதே என்று சொல்லித்தான் கொடுத்தேன். பிறகு அமலுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. கிட்டாரை மணியிடம் விட்டுவிட்டுப் போனான்.

அவன் போனபின் வந்த இரண்டாவது மழைக்காலம் முடிகிற சமயம், மணி வேட்டியில் எதையோ சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். சாக்கில் கட்டின கோழியைப் போல மார்போடு அணைத்திருந்தான். மேசைமேல் வைத்துப் பிரித்தான். தேன் நிறக் கிட்டார். முகப்பலகையில் ஒரு பிளாஸ்டிக் தாள் பாலாடை மாதிரி வெளுத்துச் சுருங்கி ஒட்டிக் கிடந்தது.

“தாள யாரு ஒட்டினது?”

“அமலுதான். கெளம்பறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல வாங்கி ஒட்டினான். கீறல் விழாம இருக்கட்டும்னான்.”

“இப்பிடி ஆவற அளவுக்கு நீ என்னா பண்ண?”

சொன்னான். மழை வந்தால் டோலக்கின் தோல் தொய்ந்து சத்தம் அமுங்கும். தோல் வாத்தியம் வாசிக்கிற எவரும் அப்போது தீயில் காட்டி முறுக்கேற்றுவார்கள். இந்த ஊரில் அதற்கு வைக்கோல் கொளுத்த வேண்டாம். சூளைக்கு மேலே, சுடாத பச்சைச் சாமான்களைக் காயவைக்கும் பலகைத் தட்டு இருக்கிறது. எப்போதும் வெதுவெதுப்பு. நனைந்த சட்டையிலிருந்து அப்பளம்வரை அங்கே காயும். மணி மழைக்கு மழை டோலக்கை அங்கே வைத்து எடுப்பான். அந்த மழையில் கிட்டாரைத் தட்டிப் பார்த்திருக்கிறான். சத்தம் அமுங்கியிருந்தது. டோலக்கோடு சேர்த்து அதையும் தட்டில் படுக்கவைத்துவிட்டான்.

“தோலுக்கு நல்லது மரத்துக்கும் நல்லதுன்னு நெனச்சிட்டேன்ண்ணே.”

இந்தப் பீங்கான் ஊரில் பளபளப்பு என்றால் சூட்டில் வந்தது. வெந்த பளபளப்புக்குச் சூட்டினால் கேடு வராது. மணி அப்படி நினைத்ததில் அதிசயமில்லை.

“கிறிஸ்மஸ் முடிஞ்சி அவனுக்குக் கல்யாணம்” என்றான் மணி. “ரிசப்ஷன்ல இந்தக் கிட்டார்லதான் அவனே வாசிச்சுப் பாடப்போறானாம். போன்ல கிட்டாரப் பத்தித்தான் கேக்கறான், ‘எப்பிடிடா இருக்கா’ன்னு. நல்லா இருக்காடான்னு சொல்லிக்கினு இருக்கேன். அவன் வந்து இத பாத்தான்னா, அப்புறம் என்கிட்ட ஒரு குண்டூசி குடுத்து வச்சிருன்னு சொல்லமாட்டான்.”

“தாள் ஒட்டினது அவன் தப்பு. நான் வேணாம்னு சொன்னேன். சூடு பட்டதால சீக்கிரம் கெட்டுது, அவ்ளோதான்.”

“அத அவன்கிட்ட சொல்லாதீங்க. கல்யாண மாப்ள. என்கிட்ட குடுத்துட்டுப் போன பொருளு.” அப்படியே என்னிடம் வாக்குக் கேட்டான். கொடுத்தேன்.

தாளைப் பிரிக்கும் வேலையைத் தொடங்கினேன். சூடு காட்டிப் பிரிக்க முடியாது, கெட்டதே சூட்டால்தான். ஸ்பிரிட் தொட்டால் பூச்சு கரையும். கறை எடுக்க விற்கும் வெள்ளைப் பெட்ரோல் மட்டும் அரக்கைத் தொடாது. அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, தூரிகை நுனியால் தாளின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஊறியதும் தையல் நூலை அடியில் நுழைத்து, மர வரியோடு முன்னும் பின்னும் அறுப்பது போல் நகர்த்த வேண்டும். விடுபட்ட தாளை மேலே தூக்கக் கூடாது. தூக்கினால் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும். தன்மேலேயே மடித்துப் படுத்தவாக்கில் பின்னால் இழுக்க வேண்டும், நகம் வளர்கிற வேகத்தில். ஓரங்கள் நல்லபடியாக வந்தன. நடுவில், ஓட்டையை ஒட்டினாற்போல் ஓர் இடத்தில், எங்கே தாள் முடிகிறது எங்கே பூச்சு தொடங்குகிறது என்றே தெரியவில்லை. நூல் நின்றது. கையை எடுத்துவிட்டு வெளியே போய் ஒரு பீடி குடித்தேன். திரும்பி வந்து மீண்டும் ஊறவைத்து இழுத்தேன். வந்தது. வெற்றிலையளவு பூச்சும் கூடவே வந்தது. அடியில் வெளுத்த மரம். சுற்றிலும் ஆரஞ்சுத் தோல் மாதிரி சுருக்கம்.

மணி குனிந்து பார்த்தான். “பூசிடலாம்ல?”

அரக்குப் பூச்சில் ஒரு நல்ல குணம் உண்டு. புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றிவிடும். ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. ஆனால் இறுக வாரக்கணக்கில் ஆகும். ஈரக்காற்றில் இன்னும் தாமதிக்கும். அதற்குள் வாசித்தால் பிக் பட்ட இடமெல்லாம் மெழுகில் கீறியது போல் பதியும்.

“இப்ப பூசினா பாக்க நல்லா இருக்கும், கல்யாணத்துல வாசிக்க முடியாது. பூசாம விட்டா வாசிக்கலாம், பாக்க இப்பிடித்தான். எதுன்னு நீ சொல்லு.”

அவன் அந்த வெளுத்த இடத்தைத் தொடாமல் அதன்மேலேயே விரலைக் காற்றில் சுற்றினான். “வாசிக்கணும்ண்ணே” என்றான். “அவன் அங்க ரெண்டு வருஷமா அத நெனச்சிக்கினுதான் இருக்கான்.”

வாசிப்பது என்றால் வெறும் மரத்துக்குக் காப்பு வேண்டும். ரோசம்மா அரக்குக் கிட்டார்களுக்கென்று ஒரு காப்பு செய்வார். ஒட்டுவதே இல்லை. மெல்லிய மர ஏட்டை வடிவமாக வெட்டி, அடியில் மெத்தென்ற பருத்தித் துணி வைத்து, மேல் விளிம்பில் கார்க் பதித்த இரண்டு சின்ன நாக்குகள் பொருத்துவார். அவை ஓட்டையின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். அதே மாதிரி செய்தேன். அமலின் கை விழும் இடம் எனக்குத் தெரியும். பூச்சு போன இடம் முழுவதும் அதன் அடியில் மறைந்தது.

மணி எட்ட நின்று பார்த்தான், கிட்டப்போய்ப் பார்த்தான். “இது இருந்தா தெரியவே தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“கழட்டினா?”

“கழட்டறதுக்கு ரெண்டு விரல் போதும்.”



கல்யாணத்துக்கு முந்தின வாரம் அமல் வந்தான். மணிதான் அழைத்து வந்தான். கிட்டாரைக் கண்டதும் அமல் என்னை விசாரிக்கக்கூட மறந்து, மடியில் வைத்துச் சுருதி கூட்ட ஆரம்பித்துவிட்டான். வாசித்தான். மரக்காப்பைத் தடவி, “இது சூப்பரா இருக்குதுண்ணே, மணி ஏற்பாடா?” என்றான்.

அப்படியே விட்டிருக்கலாம். நான் மணியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அத கழட்டு” என்றான் மணி.

“ஏன்டா? நல்லாத்தான இருக்குது.”

“கழட்டுடா.”

அமல் கழற்றினான். வெளுத்த இடத்தைப் பார்த்தான். கட்டைவிரலால் சுருக்கத்தைத் தடவினான்.

“மழையில சத்தம் அமுங்கிப் போச்சுடா. டோலக்கோட சேத்து சூளத் தட்டுல வச்சேன். ஈரம் போவட்டும்னு.”

“சூளையில.”

“மேலடா. வெதுவெதுன்னுதான் இருக்கும்.”

“கிட்டார என்னா, கப்பு சாசருன்னு நெனச்சியா?”

மணி தலையைக் குனிந்துகொண்டான். அமல் என் பக்கம் திரும்பினான். “நான் ஒட்டின தாளு எங்கண்ணே?” நான் வாயைத் திறக்கவில்லை. “நீங்க ஒட்டாதன்னு சொன்னீங்க. நான்தான் கேக்கல” என்றான். அதையும் என்னிடம்தான் சொன்னான், மணியிடம் சொல்லவில்லை. காப்பைத் திரும்ப மாட்டி, கிட்டாரை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினான். வாசலில் அவன் வண்டி கிளப்பும் சத்தம் கேட்டது. வரும்போது இரண்டு பேராக வந்த வண்டி.

“டோலக்க கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போவட்டுமா, வேணாமாண்ணே?” என்று மணி கேட்டான்.

“எடுத்துட்டுப் போ. கூப்பிடலன்னா பிரியாணி சாப்ட்டுட்டு வா.”

ரிசப்ஷனுக்கு நானும் போயிருந்தேன். அமல் கோட்டு சூட்டோடு மேடையில் நின்று சுருதி கூட்டினான். பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மணி கூட்டத்தின் கடைசியில், டோலக்கை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தான். அமல் பாட்டை ஆரம்பித்து முதல் வரி முடிவதற்குள் நிறுத்தினான். மைக்கில், “டேய், தாளம் இல்லாம எவ்ளோ நேரம்டா வாசிக்கறது? மாப்ளய நிக்க வச்சிட்டு அங்க என்னா பண்ணிக்கினு இருக்க?” என்றான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. மணி டோலக்கை இழுக்கும்போது நாற்காலி சாய்ந்து விழுந்தது.

அவர்கள் வாசித்ததைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. பாடகர் குழுக்காரர்கள் சாப்பிடப் போகாமல் நின்றார்கள் என்பது மட்டும் தெரியும்.

விடுப்பு முடிந்து கிளம்புவதற்கு முன்னால் அமல் கிட்டாரை என்னிடம் கொண்டுவந்தான். “இப்ப பூசுங்கண்ணே. எவ்ளோ நாள் ஆனாலும் ஆவட்டும். முடிஞ்சதும் மணிகிட்ட குடுத்துடுங்க.”

“என்கிட்டயே இருக்கட்டுமே. பத்திரமா இருக்கும்” என்றேன். மணியை நம்பாமல் சொல்லவில்லை. அவனுக்கு இனி அது பாரமாக இருக்குமோ என்றுதான் சொன்னேன்.

அமல் யோசித்தான். “பத்திரமா இருக்கறதுக்குப் பொட்டி போதும்ண்ணே. அவன் தெனம் தட்டிப் பாத்திருக்கான் பாருங்க. சத்தம் அமுங்குனது அதனாலதான் அவனுக்குத் தெரிஞ்சுது. நீங்களோ நானோ இருந்தா பொட்டியத் தொறந்தே பாத்திருக்கமாட்டோம்” என்றான். “போயிட்டு வரேன்ண்ணே.”

கோடை முழுக்க அந்த வேலையைச் செய்தேன். பழைய பருத்தித் துணியில் பஞ்சை முடிந்து, அரக்கில் தோய்த்து, துளி எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்து, காயவிட்டு, மறுபடியும் தேய்த்தேன். ஜன்னலோரம் சாய்த்துக் கண்ணை இறக்கிப் பார்த்தபோது, வெளிச்சம் எங்கும் தடுக்காமல் ஓடியது. அதற்குப் பிறகும் இறுகட்டும் என்று விட்டுவைத்தேன்.

மணிக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தான். எடுத்துக்கொள் என்றால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். “வேணாம்ண்ணே. இங்கயே இருக்கட்டும்.” அமல் சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு கைப்பேசியை எடுத்துக் குவைத்துக்குப் போட்டான்.

“டேய், கிட்டார எடுத்துக்கினு போறேன்” என்றான். “ஆமா, நல்லா ஆயிடுச்சு. அந்த எடம் எங்க இருந்துதுன்னே தெரியல.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். “அதெல்லாம் சரிடா, மழ வந்தா என்னா பண்ணட்டும்? அத சொல்லு.”

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. மணி சிரித்தான்.

“சரி, சரி. உள்ள என் பாயில படுக்க வைக்கறேன். நான் சூளத் தட்டுல போய் படுத்துக்கறேன், போதுமா?”